அட்டையில் இருக்கிற நாய்

கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே காசிமாயன் இரண்டு டிக்கெட் கேட்டுவிடுவார். ஒன்று அவருக்கு, இன்னொன்று செவலைக்கு. நாய்க்கு டிக்கெட்டும் கிடையாது, இடமும் கிடையாது என்று கண்டக்டர் கத்துவார். குரங்கணியிலிருந்து போடிக்குப் போகிற பஸ்சில் இரண்டு மாதமாகத் திங்கள்கிழமைதோறும் நடக்கிற கூத்து இது. கடைசியில் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் செவலை சுருண்டு படுத்துக்கொள்ளும். கூடவே போகிற நான், தெரியாதவனைப் போல ஜன்னல் பக்கம் திரும்பி மனசுக்குள் முருகனைக் கூப்பிடுவேன்.

காசிமாயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காவல். காய் உலர்த்துகிற சூட்டிலேயே கிடந்து பழகியவர், போடி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். அதிகாரியே ஆனாலும் மனிதர்களை 'வா, போ' என்பார். மரியாதையெல்லாம் நாய்க்கு மட்டும்தான். "தள்ளிப் படுங்கப்பு, ஆளுக மிதிச்சிருவாக."

செவலை தேவாரத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த நாட்டு நாய். செம்பட்டை உடம்பு, கரி பூசினாற்போல் மூஞ்சி. நாலு வருஷத்தில் ஒருவரையும் கடித்ததில்லை. ஒருமுறை காட்டுப்பன்றியைப் பார்த்துவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தது, சாயங்காலம்தான் வெளியே வந்தது. இந்த வீரத்தை வைத்துக்கொண்டு காய்த் திருடர்களை எப்படி விரட்டுவது? ஜீப்பு ஓட்டுகிற ஈஸ்வரன் செல்போனில் பிட்புல் என்கிற முரட்டுச் சீமை நாயின் படத்தைக் காட்டினான். அன்றிலிருந்து காசிமாயன் தன் நாயைப் பிட்புல் என்று மலை முழுக்கச் சொல்லிவைத்தார். அப்புறம் ஒருவனும் ஸ்டோர் பக்கம் தலைகாட்டவில்லை.

தடுப்பூசி முகாமில் என்ன இனம் என்று கேட்டார்கள். சுற்றிலும் காயெடுக்க வந்த ஆட்கள். உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் திருடன் காதுக்குப் போய்விடும். "பிட்புல்லு" என்றார். அட்டையில் அப்படியே எழுதிவிட்டார்கள்.

இப்போது, அந்த இனத்தை வளர்க்கக்கூடாது, நாயை ஒப்படைத்துவிட வேண்டும் என்று போடி கால்நடை ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவருக்கு மருமகன் முறையாகிற நான் அவரைவிட இரண்டு வகுப்பு கூடுதலாக ஐந்தாவது வரை படித்திருக்கிறேன் என்பதால் மனு எழுதுகிற சோலி என் தலையில். ஏழு மனு எழுதியாயிற்று. அட்டையைப் பார்த்தவர்களில் ஒருவராவது நாயைப் பார்க்க வேண்டுமே! அது அவர்கள் மேசைக்கடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. என்ன சாதி நாய் என்று கேட்டார்கள். கடித்ததா என்று கேட்கவில்லை. ஒருவன் திருடினான் என்று தெருவையே பிடித்து உள்ளே போடுவார்களா? சாமிக்கே அடுக்காது.

போன திங்கள்கிழமை அந்த ஆபீஸ் நாற்காலியில் ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்திருந்தார். குனிந்து செவலையைப் பார்த்தார், சிரித்தார். 'இது நாட்டு நாய், பிட்புல் அல்ல' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அட்டையை மாற்றித் தருகிறேன் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காசிமாயனும் பேனாவை வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் சிலமலையிலிருந்து வந்த அனுசியா என்ற பெண் நின்றிருந்தாள். அவள் காலடியில் கிடந்தது அசல் பிட்புல்; கிழடு தட்டி, எழுந்து நிற்கவே சிரமப்படுகிற நாய். ஒப்படைக்கக் கொண்டுவந்திருக்கிறாள். கையில் தூக்குவாளி நிறையப் பால்சோறு. "பல்லு இல்லங்கய்யா, கரைச்சுத்தான் ஊத்தணும்" என்று யாரிடம் சொல்வதென்று தெரியாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காசிமாயனின் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க மாமா, வெரசா. பஸ்சு போயிரும்" என்றேன்.

"எந்நாயி அந்தச் சாதி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா, அந்தச் சாதின்னா கொண்டுபோன்னு நானே சொன்ன மாதிரியில்ல ஆகுது மாப்ளே?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உண்மையை எழுதத்தானே சொல்கிறார்கள், இத்தனை நாள் இதற்காகத்தானே அலைந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அந்த அதிகாரியும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அடுத்த வாரம் தன் இடத்தில் வேறு ஆள் இருக்கலாம் என்றுகூடச் சொன்னார். காசிமாயன் காதில் ஏறவில்லை.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அனுசியாவின் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பால்சோற்றைக் கையால் கரைக்க ஆரம்பித்தார்.