சின்னமுத்து வந்ததோ?

வட்டவளைக்கு எப்படிப் போவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வழி சொல்லத் தொடங்கினால் பழைய கதைதான் முந்திக்கொண்டு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தோட்டப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டு முடித்தபின், அது உடம்பில் பிடித்திருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கும் குழுவில் போனேன். நான் யாழ்ப்பாணத்தான், ஆய்வுகூட உத்தியோகம். மலைநாட்டைத் தேயிலைப் பெட்டிப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். ஹட்டனில் இறங்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது. அங்கிருந்து கினிகத்தேனை போகும் பஸ்ஸில், ரயில் வந்த திசையிலேயே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும்; அன்று கட்டணம் பன்னிரண்டு ரூபாய். பிறகு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். மழைக்குள் ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு ஏறினேன். அட்டைகள் என் இரத்த மாதிரியை முதலில் எடுத்துக்கொண்டன.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டோம். அந்தியில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்மார் வந்தார்கள். நோய் ஏற்கெனவே வந்த பிள்ளையென்றால், எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "முந்திச் சின்னமுத்து வந்ததோ?"

"இன்னும் வரலீங்க" என்றார்கள். ஏழு படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

எட்டாவதாக ஒரு பெரிய மீசைக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். "நான்தான் சின்னமுத்து கங்காணி. என்னையத் தேடுறீங்களாமே, ஐயா?"

காம்பராவே சிரித்தது. அங்கே சின்னமுத்து என்றால் வேலையாட்களை மேற்பார்க்கும் இந்தக் கங்காணிதான்; நோய்க்குப் பெயர் தட்டம்மை. கங்காணியை நான் 'வந்ததோ' என்று அஃறிணையில் கேட்டதையும் யாழ்ப்பாணப் பேச்சு என்று மன்னித்திருக்கிறார்கள்.

வெட்கத்தோடு ஏழு பேரிடமும் திரும்பக் கேட்டேன். பாக்கியம் என்ற தாய் மட்டும் சிரிக்கவில்லை. மகளை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"மூத்தவன் அதுலதான் போயிட்டானுங்க. இவளுக்கு வரல. ஊசி போட்டிருக்கு. ஒடம்புல பிடிச்சிருக்கான்னு எனக்குச் சொல்லுவீங்களா?"

தனித்தனியே முடிவு சொல்வது எங்கள் வேலையில் இல்லை. "வந்து சொல்லுறன்" என்று வாய் சொல்லிவிட்டது.

முடிவு வந்ததும் குழுவின் டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அதே ரயில், அதே ஏற்றம். இம்முறை அட்டைக்கு உப்பு கொண்டுபோனேன், நீங்களும் கொண்டுபோங்கள். ஹட்டனில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் என்ன கேட்பதானாலும், அங்கே அதற்கு என்ன சொல் என்று முதலில் விசாரியுங்கள். எத்தனையோ ஊர் போய்விட்டேன், அந்த ஏற்றத்துக்குத்தான் மனம் ஏங்குகிறது.

பாக்கியம் கொழுந்துக் கூடையோடு பாதையில் நின்றார். "பிடிச்சிருக்கம்மா. நல்லாப் பிடிச்சிருக்கு" என்றேன்.

"அப்ப இனிமே சின்னமுத்து வந்தா பயமில்லீங்களா?" என்று பாக்கியம் என் சொல்லிலேயே கேட்டார்.

பின்னால் நின்ற கங்காணி, "நான் வந்தா என்னைக்குத்தான் பயந்தீங்க?" என்றார்.

பாக்கியம் அன்றைக்குத்தான் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பாதையிலேயே உட்கார்ந்து மூத்தவன் பெயரைச் சொல்லி அழுதார்.