கூடுதல் கை எழும்பியும் தோற்ற மாரியாயி

ரேடியோவைப் பழுது பார்க்கிறவனுக்கு அது சொல்லும் செய்தியும் புரிந்திருக்க வேண்டும் என்று ஊர் நினைக்கிறது. இந்தத் தொழிலில் உள்ள நீங்களும் இதில் மாட்டியிருப்பீர்கள். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக் கடைவீதியில் ரேடியோக் கடை வைத்திருக்கும் நான், 1960ஆம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மாட்டினேன்.

வால்வுக் கோளாறு

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தமது ரேடியோவைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். போட்டுப் பார்த்தேன், நன்றாகவே பாடியது. நாடு முழுக்க எண்ணினால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டு என்று செய்தியில் வந்ததாம். அதே செய்தியில், ஒருவர் வெகுதூரம் முந்திவிட்டார் என்றும் வந்ததாம்.

பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அங்கே மாநிலம் மாநிலமாகக் கணக்கு. ஒரு மாநிலத்தில் கொஞ்சம் முந்தினாலும் போதும், அந்த மாநிலத்தின் பங்கு முழுவதும் முந்தியவருக்கே. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும், எதுக்கும் வால்வ மாத்திடுங்க" என்றார்.

மிச்சக் கை

அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சின்னையா அடுத்து வந்து அதே செய்திக்கு விளக்கம் கேட்டார். கூடவே, வரப்போகும் சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்துத் தலைவருக்கு நிற்கவிருந்த மாரியாயியும். கொழுந்து எடுக்கிறவர், தொழிலாளர் வரிசை வீடுகளில் கீழ் லயத்தில் வீடு. அங்கே குழாய் உடைந்து, பெண்கள் ஓடையில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு லயத்தையும் ஒரு மாநிலம்னு வைங்க. பாதிக்கு மேல ஒரு கை கூட இருந்தா, அந்த லயமே அவருக்குத்தான்" என்று விளக்கினேன். மற்றக் கைகள் எங்கே போகும் என்று மாரியாயி கேட்டார். அவை கணக்கில் வராது என்றேன். எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லாமல் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாரியாயி சொன்னார்: "அங்க எண்ணின பிறகு காணாமப் போவுது. நம்மளுது எண்ணுறதுக்கு முன்னாலயே போயிருச்சு, தம்பி."

கொழுந்து மடுவத்தில்

சின்னையாவுக்கு இந்த மாநிலக் கணக்கு பிடித்துவிட்டது; சங்கத் தேர்தலையும் லயம் லயமாக எண்ணலாம் என்றார். மூன்று லயத்தில் பெரியதான கீழ் லயம் மற்ற இரண்டையும் அமுக்கிவிடக் கூடாது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறதாகத்தான் பட்டது. மாரியாயியும் தலையாட்டினார். விளக்கியவன் என்பதால் என்னையே மத்தியஸ்தம் பார்க்க அழைத்தார்கள்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூட்டம். கீழ் லயம் முழுவதும் மாரியாயிக்குக் கை தூக்கியது. மற்ற இரண்டு லயங்களிலும் சின்னையா மயிரிழையில் முந்தினார். இரண்டு லயம் அவருக்கு, ஒன்று மாரியாயிக்கு. மொத்தக் கைகளைக் கூட்டினால் மாரியாயிக்கே அதிகம். திரும்பத் திரும்பக் கூட்டினேன், மாறவில்லை. பேசிய முறைப்படி தலைவர் சின்னையாதான் என்று அறிவித்தேன். மாரியாயி சண்டை போடவில்லை. "எனக்குத்தான் கை அதிகம்னு நீங்கதானே சொல்றீங்க, அப்ப நான் எப்படித் தோத்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

பெரட்டில்

அடுத்த வாரம், தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா ரேடியோவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைக் கடந்தேன். கீழ் லயத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். மாரியாயி துரையிடம் குழாய்க் கதையை ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் சின்னையா, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி. மேல் லயத்துப் பெண்களும் சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். யார் தலைவர் என்று துரை கேட்டார். "தலைவரு நான்தாங்க. பேசுறது அவங்க" என்றார் சின்னையா.

தண்ணீர் வந்த பிறகு

புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீரும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னையா கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ரேடியோ எதுவும் கொண்டுவரவில்லை. லயத்தில் வழக்கு என்றால் தன்னைக் கூப்பிடுகிறார்கள், காரியம் ஆகவேண்டும் என்றால் மாரியாயியிடம் போகிறார்கள் என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். "தம்பி, மெய்யாச் சொல்லுங்க, செயிச்சது நானா, அந்தம்மாவா?" என்று கேட்டார்.

கடை சாத்தும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கதவுப் பலகையை எடுத்துப் போட்டேன். இந்தக் கேள்வியை இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.