பதினான்கு வயதுக்கு உட்பட்டோர்

குழாயடியில் சோப்பு நுரையோடு ஓடிய கருமையான மயிர்த் துணுக்குகள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. செங்கல்பட்டில் நான் எழுத்தராகச் சேர்ந்திருந்த பள்ளியின் பின்பக்கம், காலை ஏழு மணி இருக்கும். டிரில் மாஸ்டர் ஒரு பையனின் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாதி பிளேடால் அவன் மேலுதட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மீசை போனதும் கன்னம், கன்னம் முடிந்ததும் முழங்காலுக்குக் கீழே இருந்த முடி. பையன் கண்ணை மூடியபடி நின்றான். அன்று எங்கள் மைதானத்தில் மாவட்டப் பள்ளிகளுக்கான மல்யுத்தப் போட்டி. பையனுக்குப் பதினேழு வயது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவன் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் கோதாவில் இறங்கப் போகிறான். அவனுக்குப் பதின்மூன்று என்று சான்றிதழில் எழுதியது நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் வேலைக்குப் போன ஒரே ஆள் நான்தான். அந்த வேலையும் நிரந்தரமாகியிருக்கவில்லை. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு டிரில் மாஸ்டர் ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பிறந்த தேதியை நிரப்ப வேண்டும், தலைமையாசிரியர் கையெழுத்திடுவார். நான் பதிவேட்டைத் திறந்தேன். அவர் அதை மெல்ல மூடினார்.

"நான் சொல்றதை எழுதுமா. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எவனும் சந்தேகப்பட மாட்டான்."

நான் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. அவர் எப்போதுமே கோபிக்காத மனிதர். ஊரில் அவருக்கு அதனாலேயே நல்ல பெயர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு விளக்கினார். "குறிப்பிட்ட தேதிக்கு ஒரு நாள் முன்னாடி பொறந்தவன் பெரியவனாம், மறுநாள் பொறந்தவன் சின்னவனாம். ஒரே நாள்ல இன்னாம்மா வளந்துட்டான் அவன்? இந்தக் கோடே பொய். பொய்க்கோட்டை நாம கொஞ்சம் தள்ளிப் போடறோம். எடை பாத்துத்தானே இறக்கறாங்க? நாப்பத்தஞ்சு கிலோன்னா ரெண்டு பேரும் நாப்பத்தஞ்சு கிலோதானே?"

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கோடு எங்கே போட்டாலும் அதன் விளிம்பில் ஒரு பிள்ளை நிற்கத்தான் செய்யும். ஆனால் ஒரு நாள் வித்தியாசத்துக்காக வருத்தப்பட்டவர் நான்கு வருடத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன தேதியை எழுதினேன்.

அந்தப் பதினேழு வயதுப் பையன் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன். நாற்பத்தைந்து கிலோவுக்குள் வருவதற்காக அவனை இரண்டு நாள் பட்டினி போட்டிருந்தார்கள். தண்ணீர்கூடக் கிடையாது. வாயில் புளியை அடக்கிக்கொண்டு ஊறிய எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். வராந்தாத் தூணுக்குக் கீழே அவன் துப்பியது காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தது; பெருக்குகிற அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழுவினாள். அவன் எலும்பும் நரம்பும் முற்றியவை. சதையை மட்டும் வற்ற வைத்திருந்தார்கள்.

எதிரே வந்தவன் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வந்த பையன். உண்மையிலேயே பதின்மூன்று. வயதுக்கு மீறிய உடம்பு, அதில் பால் வடிகிற முகம். எடை பார்க்கும்போது தராசில் ஏறி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் எடையைக் குறித்துக்கொள்ளும் மேசையில் இருந்தேன். அவன் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

ஆட்டம் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. எங்கள் பையன் அவன் கையை முறுக்கிப் பின்னால் கொண்டுபோய்த் தூக்கிப் போட்டான். குப்பத்துப் பையன் விழும்போது வலது கையை ஊன்றினான். சத்தம் என் மேசைக்குக் கேட்டது. முழங்கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் கத்தவில்லை, தன் கையை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான். எங்கள் பையன் எழுந்தான், அதைப் பார்த்தான், கோதாவின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் மஞ்சள் நீர்தான் வந்தது. நடுவர் அவன் கையைத் தூக்கி வெற்றி என்றார். டிரில் மாஸ்டர் கைதட்டினார். சாயங்காலம் கேடயத்தோடு எடுத்த புகைப்படத்தில் நானும் ஓரமாக நிற்கிறேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா இரண்டு பஸ் மாறி எங்கள் பள்ளிக்கு வந்தாள். மகன் கூடவே நின்றான், தோள்வரை மாவுக்கட்டு. தலைமையாசிரியர் வெளியே போயிருந்தார். அவள் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"யம்மா, எம்புள்ளயோட மோதுனானே, அவனுக்கு வயசு இன்னா? நீ புக்கு வச்சிக்கினு கீறியாமே. பாத்துச் சொல்லு."

"பதின்மூணும்மா" என்றேன்.

"நான் கிட்டக்கப் பாத்தேன். செரச்ச எடத்துல முள்ளு முள்ளா இருந்துச்சு. பதிமூணு வயசுப் புள்ளைக்கு அப்டியா இருக்கும்?"

"சர்ட்டிபிகேட்ல அப்படித்தான் இருக்கு."

அவள் மகனின் மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "கையி நிமிராதுன்றாங்க. கடலுக்குப் போற புள்ள" என்றாள். பிறகு மகனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு அந்தப் பதினேழு வயதுப் பையன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். முகத்தில் மீசை திரும்ப அரும்பியிருந்தது. "மேடம், நான் வேணும்னு பண்ணல. பசியில கண்ணு இருட்டிக்கினு இருந்துச்சு. சீக்கிரம் முடிச்சாப் போதும்னு போட்டுட்டேன்" என்றான். அரைப்பரீட்சைக்கு முன்பே பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

அதன் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. அதுவும் பாதித் துணிவு. கல்வி அதிகாரிக்குப் பெயர் போடாமல் ஒரு மனு எழுதினேன். என் எழுத்தை எல்லோருக்கும் தெரியும் என்பதால் இடது கையால் எழுதினேன். அதிகாரி வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பதிவேட்டைக் கேட்டார். நானே கொண்டுபோய் வைத்தேன். விரலை வைத்து வரியைப் படித்தார், டிரில் மாஸ்டரைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார். "இனிமே கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அவ்வளவுதான் விசாரணை.

இல்லை, இன்னொன்றும் நடந்தது. மறுவருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிப் பள்ளிச் சான்று செல்லாது, பிறப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும். வயதைச் சரிபார்க்க மூன்று பேர் கொண்ட குழு. அந்தக் குழுவில் எங்கள் டிரில் மாஸ்டரும் ஒருவர்.

அந்த வருடப் போட்டி அன்று அவர் மைதான வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நகரத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் நகல் இருந்தது. அதில் எத்தனை நிஜம் என்று அவருக்குத்தான் தெரியும்; இரண்டு பேருடைய கன்னத்தில் பிளேடுக் கீறல் எனக்கே தெரிந்தது. குப்பத்துப் பிள்ளைகள் ஏழு பேர் வந்திருந்தார்கள். வீட்டிலேயே பிறந்த பிள்ளைகள். யார் போய்ப் பதிந்தார்கள்? அந்தக் கை உடைந்த பையன் தன் தம்பியைக் கூட்டி வந்திருந்தான். தம்பி பன்னிரண்டு வயது ஒல்லிப் பயல். பன்னிரண்டு என்பது பார்த்தாலே தெரியும்.

"நகல் இல்லாம உள்ளே விட முடியாதுப்பா" என்றார் டிரில் மாஸ்டர்.

"சார், பாருங்க சார், சின்னப் பையன் சார்."

"ரூல்னா ரூல்தான். உன் கைக்கு ஆனது இன்னொருத்தனுக்கு ஆகக் கூடாதுன்னுதான்பா இந்த ரூலே வந்துது."

அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பையனின் வளைந்த முழங்கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். சிறியவர்களைப் பெரியவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தக் கோடு. அதைத் தள்ளிப் போட்டவரின் கையிலேயே சாக்பீஸைக் கொடுத்தார்கள்; அவர் இந்த முறை அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்திக் கோட்டைப் போட்டார். அதற்கு வழி செய்தது என் இடது கை எழுதிய மனு. ஏழு பேரும் மத்தியானம் வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டிரில் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது ஊரே திரண்டது. பிள்ளைகளைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்தவர் என்று பேசினார்கள். நானும் கைதட்டினேன். என்னுடைய அந்தக் கைதட்டலை நினைத்தால், அவர் சவரம் செய்ததைவிட அதிகமாக அருவருக்கிறது.

இப்போது மகனோடு படூரில் இருக்கிறேன். கணவர் போன பிறகு வாரிசுச் சான்றுக்காகத் திருப்போரூர் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த நாட்களில், வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். தலை முழுக்க நரை. வலது கை பாதி மடங்கியபடியே இருந்தது. உள்ளே இருந்த இளைஞர் அவரிடம் முதியோர் உதவித்தொகைக்கு இன்னும் வயதாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆதார் அட்டையில் யாரோ குத்துமதிப்பாக ஒரு வருடத்தைப் போட்டிருந்தார்கள்; ஐந்து வயது குறைந்திருந்தது.

"எனுக்கு அறுவது தாண்டி மூணு வருசம் ஆச்சு சார்."

"பேப்பர் இருக்கா?"

வெளியே வந்து, அந்தக் கை எப்படி மடங்கியது என்று அவரிடம் விசாரித்தேன். அவர்தான். அவர் படித்த ஆரம்பப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி, நகல் வாங்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த வேலை எனக்குத் தெரிந்த வேலைதானே. நகலைக் கொடுத்த அன்று கோயில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வயது, பாதி பிளேடு, நான் எழுதிய தேதி, அவர் அம்மாவிடம் சொன்ன பொய்.

அவர் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு அப்பவே தெரியும்க்கா. உங்க ஸ்கூல்லேர்ந்து திரும்பி பஸ்ல போவும்போதே சொல்லிச்சு. அந்தப் பொண்ணுக்குத் தெரியும்டா, வேலைக்குப் பயந்துகினு சொல்ல மாட்டேங்குதுன்னு."

"என்னைத் திட்டினாங்களா?"

"இல்லக்கா. உங்க மேல கோவமே படல." டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா தம்பிய வாசல்லயே திருப்பி அனுப்புன வருசம், அவன ஸ்கூல்லேர்ந்து நிறுத்திடுச்சு. எழுதத் தெரிஞ்சவங்களும் இப்டித்தானே கீறாங்க, படிச்சு இன்னா ஆவப்போவுதுன்னு கேட்டுச்சு."