ஏணி கேட்காத ரோஜா

போடில் க்ரோக் எதையும் முதல் தடவையில் நம்பியதில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. கழிப்பறைக்குள் ஒளிந்திருப்பவனின் மூச்சை வெளியில் நின்றே கேட்டுவிடுவார் என்று பழைய சகாக்கள் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு பரிசோதிக்க ரயில் இல்லாமல் போனதால் ஊரைப் பரிசோதித்தார். கடையில் கறுப்பு ரொட்டியைக் கவிழ்த்துத் தேதி பார்ப்பார்; பார்த்த ரொட்டியை வைத்துவிட்டு அடுக்கின் அடியிலிருந்து வேறொன்றை உருவுவார். கல்யாணத்தன்று போதகர் நீட்டிய பதிவேட்டை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டாராம். இதைச் சொல்பவர் அவருடைய கணவர் ஐனார். தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை, வேறு யார் பெயராவது இருக்கிறதா என்றுதான் பார்த்தாள் என்பார்.

ஃபியூன் தீவின் தெற்குக் கரையில், துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில் அவர்கள் வீடு. அதை ஒட்டியது எங்கள் வீடு. அவர்களுடைய தெற்குச் சுவரில் ஐனார் வைத்த வெள்ளைக் கொடி ரோஜா ஒன்று இருந்தது. அழகுதான். ஆனால் கூரை ஓட்டுக்குள் நுழையும், மழைநீர்க் குழாயை நெரிக்கும். வருடம் தவறாமல் ஏணி போட்டு அதை அடக்க வேண்டும். போன கோடையில் ஐனார் அந்த ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது போடில் ரம்பத்தை எடுத்து ரோஜாவை அடியோடு அறுத்துவிட்டார்.

ஐனார் நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார். கைப்பிடியில் பிரேக்கும், நடுவில் உட்காரப் பலகையும், அடியில் கூடையும் உள்ள வண்டி அது. மொட்டைச் சுவரைப் பார்த்தார். சண்டை போடவில்லை. குளிர்காலம் முழுவதும் தன் நாற்காலியை அந்தச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வசந்தம் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இலை உதிர்றதுக்குள்ள நீயா ஒரு ரோஜா பாத்து வை. இல்லன்னா பழைய ரகத்தையே நான் வாங்கி வைப்பேன். ஏணியும் நானே போடுவேன்."

அவர் சொன்னதைச் செய்கிற ஆள். ஆகவே போடில் கிளம்பினார். ஆள் வைத்து வெட்டச் சொன்னாலும், அந்த ஆள் திரும்பிப் போனதும் ஐனார் "சரியா வெட்டல" என்று மேலே ஏறுவார் என்பது அவருக்குத் தெரியும். யாருமே ஏற வேண்டாத ரோஜா ஒன்றுதான் வழி.

கெல்டின் நாற்றுப்பண்ணைக்கு என்னையும் அழைத்துப் போனார். விற்கிறவனிடம் ஒற்றை ஆளாகப் போகக்கூடாதாம், சாட்சி வேண்டுமாம். அங்கே எல்லாக் கொடி ரோஜாவின் அட்டையிலும் ஒரே வாசகம்: பராமரிப்பு குறைவு, நோய் தாங்கும். போடில் ஒவ்வொரு அட்டையையும் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் காலி. எது அதிக உயரம் போகாது, எதற்கு மருந்து அடிக்க வேண்டாம், எது வாடிய பூவைத் தானே உதிர்க்கும் என்று குடைந்தார். கெல்ட் வெளிர் சிவப்பில் பூக்கும் ஒன்றைக் காட்டி அதன் பெயரைச் சொன்னான்.

"பேரு இருக்கட்டும் கெல்ட். நடத்தை எப்படி?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. படகுத்துறைக்குப் பக்கத்துல மாலுமி வீடு பூட்டிக் கிடக்குல்ல, அந்தச் சுவர்ல இருக்கறது இதே ரகந்தான். அவர் போய்ச் சேந்ததுலேருந்து யாரும் அதைத் தொட்டதில்ல. போய் அதுகிட்டயே கேட்டுக்குங்க."

போடிலுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவருக்குச் சந்தேகமாகவும் இருந்தது. மறுநாளே படகுத்துறைக்கு இறங்கினோம். பூட்டிய வீடு, முழங்கால் உயரப் புல், உரிந்த ஜன்னல் சட்டம். சுவரில் மட்டும் ரோஜா, பூவும் மொட்டுமாக, ஜன்னலின் மேல்விளிம்பு வரை போய் அங்கேயே நின்றிருந்தது. கடற்காற்றில் இலைகள் பளபளத்தன. போடில் ஓர் இலையைப் பறித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். கரும்புள்ளி இல்லை. சாம்பல் பூச்சு இல்லை. அவர் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு கீழ்க்கிளையைப் பிடித்து என் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாரு."

கிளையின் நுனி மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாய் இன்னும் பச்சை. பக்கத்தில் இன்னொன்று. தரையில் வாடிய பூ ஒன்றுகூட இல்லை, யாரோ பொறுக்கியிருக்கிறார்கள். இது காற்று செய்த வேலை இல்லை.

கெல்ட்தான் என்று போடில் முடிவு கட்டினார். ஊரையே இங்கே அனுப்பிவிட்டு, விடியுமுன் வந்து அலங்காரம் பண்ணிவிட்டுப் போகிறான். கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? நான் மெல்ல, கெல்டுக்கு அத்தனை பொறுமை கிடையாது என்றேன். கள்ளப் பயணிகள் எல்லோரும் முதலில் அப்படித்தான் தெரிவார்கள் என்றார்.

அதன்பின் தினமும் காலையில் காப்பிக் குடுவையோடு படகுத்துறைப் பெஞ்சில் காவல் இருந்தார். கதவுக்கு எதிரே உட்காராமல், மீன் வலைகள் காயும் கம்பிகளுக்குப் பின்னால். எனக்கு விடுமுறை, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கெல்ட் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கற்கள் பாவிய சரிவில் சக்கரங்கள் கடகடக்கும் சத்தம் கேட்டது. போடில் குடுவை மூடியைத் திருகுவதை நிறுத்தினார்.

ஐனார்.

அந்த நேரத்தில் அவர் ரொட்டிக்கடையில் இருக்க வேண்டும். ரொட்டிக்கடை மேட்டுக்கு மேலே, இது கீழே. அவர் இருபுறமும் பார்த்தார், வேலிக்கதவைத் தள்ளினார், ரோஜாவை நோக்கிப் புல்லுக்குள் வண்டியை நகர்த்தினார். போடிலின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "இந்த மனுஷன் ஏணியை எங்க வச்சிருக்காரு?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து, வலைகளை விலக்கிக்கொண்டு, அந்த வயதில் நான் எதிர்பாராத வேகத்தில் நடந்தார்.

நாங்கள் வேலியை அடைந்தபோது ஐனார் பிரேக்கைப் போட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். கூடையிலிருந்து செடிக் கத்தரியை எடுத்து, கைக்கு எட்டிய வாடிய பூக்களை ஒவ்வொன்றாக வெட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். போடில் நேராக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். விறகுக் கொட்டகையைத் திறந்து பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த படகின் அடியில் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"ஏணி இல்ல."

"இல்லதான்," என்றார் ஐனார். "தேடி முடிச்சாச்சுன்னா கூடையில இருக்கற பையை எடுத்துக் கொஞ்சம் பிடி."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"குளிர் விட்டு வெளிய நடக்க ஆரம்பிச்ச நாளா. சுவரையே பாத்துக்கிட்டு எவ்வளவு நாள் உக்காரறது? கைக்கு எட்டறதை வெட்டுவேன். எட்டாததை விட்டுடுவேன். அவ்வளவுதான் கிழவி."

போடில் ஓரடி பின்னால் நகர்ந்தார். சுவரை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஐனாரின் கை எட்டும் எல்லை வரை செடி சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே ஒரு வெட்டுக்கூட இல்லை. பழைய பூக்களின் காம்புகள் அப்படியே பழுப்பாக நின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே மேலேயும் அதே அளவு புதுப் பூ. அதே பளபளப்பான இலை. போடில் ஒரு மேல்கிளையைக் கையிலிருந்த குடையின் பிடியால் வளைத்து இழுத்து, அதிலும் ஓர் இலையைப் பறித்து, கீழ் இலையோடு சேர்த்துப் பிடித்து வெகுநேரம் ஒப்பிட்டார். இரண்டிலும் குறை காண முடியவில்லை.

"மேல கை வைக்காமயே இப்படியா?"

"மேல எதுக்குக் கை வைக்கணும்? அது பாட்டுக்குப் பூக்குது," என்றார் ஐனார்.

அன்று மாலையே கெல்டிடம் சொல்லிவைத்தார்கள். செடி அக்டோபரில் வந்தது. பழைய வேர் கிடந்த மண் ஆகாது என்று கெல்ட் எச்சரித்திருந்ததால், ஜன்னலுக்கு மறுபக்கம் புதுக் குழி வெட்டினோம். கொடியைக் கட்டச் சுவரில் கம்பி இழுக்க வேண்டும். எத்தனை உயரம் என்பது கேள்வி. போடில் ஐனாரைச் சுவரோரம் வண்டிப் பலகையில் உட்கார வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். அவர் விரல்நுனி தொடும் இடத்தில் கோடு போடச் சொல்லி என்னிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். அதற்கு மேலே கம்பி கிடையாது. ரோஜா போக விரும்பினால் தன் பாட்டுக்குப் போகட்டும்.

ஐனார் கையை நீட்டினார். நான் சுண்ணக்கட்டியை வைக்கப் போனேன்.

"இரு," என்றார் போடில். குனிந்து பலகைக்கும் அவர் காற்சட்டைக்கும் நடுவே பார்த்தார். ஐனார் ஒரு விரல் அளவு எழும்பியிருந்தார். போடில் இரண்டு கைகளையும் அவர் தோளில் வைத்து, முழு எடையையும் போட்டு அழுத்தினார்.

"இப்பப் போடு கோடு."