வெறும் தட்டில் எழுந்த கோடுகள்

போன வருடம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. திருவாரூருக்கு வெளியே, வயல்களை ஒட்டியிருக்கும் எங்கள் ஆய்வகத்தில் நான் மட்டும் இருந்தேன்.

ஆட்டின் சிறுநீரகத்துக்கு மேல் ஒட்டியிருக்கும் சுரப்பியிலிருந்து செல்களைப் பிரித்து, ஒரே ஒரு செல் அட்ரினலினை வெளியிடும் கணத்தை அளப்பது என் முனைவர் பட்ட வேலை. முடியைவிட மெல்லிய கரி இழையைச் செல்லின் மேல் தொட வைப்போம். செல் கக்கும்போதெல்லாம் இழையில் துளி மின்சாரம் ஓடும்; கணினித் திரையில் ஊசிபோல ஒரு கோடு எழும். பதினேழு நாட்களாக அழகழகான கோடுகள். திங்கட்கிழமை கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதாக இருந்தோம்.

புரட்டாசி மூன்றாம் சனி என்பதால், நாங்கள் சுரப்பி வாங்கும் கறிக்கடையில் அன்று ஆடு வெட்டவில்லை. செல் இல்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், உப்புக் கரைசல் மட்டும் இருந்த தட்டில் இழையை இறக்கினேன். 11.22-க்கு ஒரு கோடு எழுந்தது. 11.31-க்கு இன்னொன்று.

செல்லே இல்லாத தட்டில் கோடு எழக் கூடாது. இழையை மாற்றினேன். மறுபடியும் எழுந்தது. அதே நொடியில் சன்னலுக்கு வெளியே ஏதோ உறுமியது. மதில் ஓரம் ஓடினேன். அடுத்த வயலில் ஒரு பெண் மோட்டார் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுறீங்களா?"

"நான் எங்கம்மா போடுறேன்? கரண்டு கொறைஞ்சா அதுவா நிக்குது, வந்தா அதுவா எடுக்குது. ரெண்டு மூணு வாரமா இதே கூத்துதான்."

ஐந்து தடவை நிறுத்திப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "நாத்து காயுது, ஒனக்கு வெளையாட்டா இருக்கா?" என்று திட்டிக்கொண்டே கொட்டகைக்குப் போனார். நான் திரைக்கு ஓடினேன். ஐந்து கோடுகள்.

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அன்றைய பதிவை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தேதியும் மணியும் விடாமல் குறித்து வைப்பவள் நான். ஆனால் அந்தப் பதினேழு நாளில் ஒருநாள்கூட வெறும் தட்டை அளந்து பார்க்கவில்லை. கோடு வந்த சந்தோஷத்தில் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இனி எது செல், எது மோட்டார் என்று பிரிக்க வழியில்லை.

12.40-க்கு எங்கள் பேராசிரியரைக் கைப்பேசியில் அழைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னிக்கே சொன்னியே. செவ்வாக்கெழமை சொல்லியிருந்தா என் பேரும் சேந்து நாறியிருக்கும்."

அது கோபமா, ஆறுதலா என்று இன்றுவரை தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கிய அளவீடுகள் இன்னும் முடியவில்லை. நான் ஆசைப்பட்டபடியே ஒரு கோடு திரையில் எழும்போதெல்லாம் இப்போதும் முதலில் பயம்தான் வருகிறது. சந்தோஷப்படக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.