கரி பஸ்ஸில் கடைசி சீட்டு

யுத்தத்தில் பெட்ரோல் கிடைப்பதில்லை. திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் போகும் இந்த பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டுகிறார்கள். எனக்குக் கிடைத்திருப்பது கடைசி சீட்டு. பொழுது போக, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு வருகிறேன். சாரலுக்காகப் படுதாக்களை இறக்கிவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நூல் மூட்டையோடு ஒரு நெசவாளி, என் தோளில் சாய்ந்து தூங்குகிறார்.

கே.ஜி.கண்டிகையில் பஸ் நிற்கிறது. அவரை எழுப்பலாமென்று தொடுகிறேன். தலை துவண்டு என் மடியில் விழுகிறது.

"ஐயோ, செத்துட்டாரு!" என்று கத்துகிறேன்.

கண்டக்டர் பதறவே இல்லை. டிரைவரும் அவருமாக நெசவாளியைத் தூக்கிப்போய் டீக்கடை பெஞ்சில் கிடத்தித் துண்டால் விசிறுகிறார்கள்.

"கத்தாதீங்க சார். கரி கேஸு உள்ள பூந்துகினே இருக்குது. பின்னால குந்துறவங்க அப்பப்ப இப்படி மயங்கிடுவாங்க. காத்து பட்டா எழுந்துக்குவாரு."

டிக்கெட் கிழிக்கும்போதே இதைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

"எழுந்திருக்கலேன்னா?"

கண்டக்டர் இன்னும் வேகமாக விசிறுகிறார்.

ஒருவழியாக நெசவாளி இருமுகிறார். கண்ணைத் திறந்து மூட்டையைத் தேடுகிறார். கண்டக்டர் இப்போது என் முகத்தை உற்றுப் பார்க்கிறார்.

"உங்களுக்குக் கொட்டாவி வந்துகினு இருந்துச்சா சார்?"

நோட்டைப் புரட்டுகிறேன். பஸ்ஸில் கடைசியாக எழுதிய வரி: 'மழைக் குளிர்ச்சிக்குச் சுகமாகக் கண் சொக்குகிறது.' எழுத்துக்கள் போகப் போகக் கோணி, தாளின் ஓரத்தில் வெறும் கோடாக இறங்குகின்றன.