நாலு பேர் பிடித்த பைக்

சென்ற வருடம் மாரி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலை. இறக்காமத்துக்கு அப்பால் எங்கள் வயல் வட்டைக்குப் போகும் மண் பாதையில், என் ராத்தாவின் ஸ்கூட்டியோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். முன் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் களி அப்பிப்போய், சில்லு சுற்றவே மறுத்துவிட்டது. ஒரு தடியால் களியைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். பழைய ட்ரெயில் பைக் ஒன்று. ஓட்டி வந்தவர் சீட்டில் உட்காரவில்லை, நின்றபடியே வந்தார். பின்னால் ஓர் உரப் பை வேறு. பள்ளத்தில் இறங்கி ஏறி என்னைத் தாண்டும்போது, ஒரு கையை எடுத்து எனக்கு சலாமும் சொன்னார். அந்தச் சேற்றில், ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு. என்னைக் கெடுத்தது அந்த சலாம்தான்.

எனக்கு ட்ரெயில் பைக் விளையாட்டுக்குத் தேவைப்படவில்லை என்று சொன்னால் பாதிப் பொய். மீதிப் பாதி உண்மை. வாப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால், இனி வயலை நான் பார்க்கிறேன் என்று பெருமையாக ஒப்புக்கொண்டிருந்தேன். காலையில் கல்முனையில் கணித வகுப்பு எடுப்பது, பின்னேரம் வட்டை. திட்டம் தாளில் அழகாகத்தான் இருந்தது. மழை தொடங்கியதும் பாதி நாள் வட்டைக்குப் போய்ச் சேராமலே திரும்பி வந்தேன். வாப்பா கோபிக்கவில்லை. "போக ஏலாட்டி குத்தகைக்குக் குடுப்பம் மனே, அதுல என்ன" என்று, கடையில் சீனி முடிந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார். அடுத்த மாரிப் போகத்துக்குள் நான் ஒரு வழி பார்க்க வேண்டும், இல்லையென்றால் வயல் வேறொருவர் கைக்குப் போகும் என்பது அதற்குப் பொருள்.

ஆகவே பைக். இதில் ஒரே ஒரு சிக்கல். இருபத்தெட்டு வயதாகியும் நான் கியர் வண்டி ஓட்டியதில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் ஸ்கூட்டிதான். இதை வெளியில் சொன்னால் மனிதர்கள் என்னை நீந்தத் தெரியாத மீனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? படித்தவன் செய்வதைச் செய்தேன். மாதக்கணக்கில் யூடியூப் பார்த்தேன். சஸ்பென்ஷன் எத்தனை அங்குலம் இறங்கும், எந்த டயரின் பல் எந்த மண்ணுக்கு உதவும், மணலில் பாரத்தை எங்கே வைக்க வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். கிளட்சை விடும்போது மட்டும் வண்டி நின்றுவிடும்.

அடுத்த சிக்கல் என் மச்சான். என் அக்காவின், அதாவது ராத்தாவின் கணவர். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ஆகவே மச்சான் எங்களோடு ஒரே வளவுக்குள் இருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. நல்ல மனிதர் இல்லையென்றால் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வாகனம் பார்க்கப் போவது என்றால், பெண் பார்க்கப் போவது போல ஆள் சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய முடிவு. மச்சான் வந்தால் எனது கூட்டாளி ஒருவனும் வருவான். அவனுக்கு பைக் தெரியும். தெரியும் என்று அவனே சொல்வான்.

நிந்தவூரில் முதல் பைக் பார்த்தோம். நான் தொடுவதற்கு முன் மச்சான் ஏறி ஒரு சுற்றுப் போனார். பிறகு கூட்டாளி ஒரு சுற்று. இருவரும் வந்து இறங்கி, எஞ்சின் சத்தத்தைப் பற்றித் தங்களுக்குள் கதைத்தார்கள். வாங்கப் போகிற நான் பக்கத்தில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் ஏற வேண்டும் என்று சொன்ன பிறகு ஏற்றினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அடுத்து அக்கரைப்பற்றிலும் இதே கதைதான்.

கடைசியில் சம்மாந்துறையில் ஒருவரிடம் இருநூற்றைம்பது சீசீ வண்டி ஒன்று இருந்தது. உயரம், பாரம், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர் மட்டும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. "ஆம்புளைக்கு ஏத்த சாமான்" என்று கூட்டாளி தீர்ப்புச் சொன்னான். மச்சான் ஒரே மிதியில் ஸ்டார்ட் செய்து கொடுத்தார். மைதானத்தில் நான் ஓட்டினேன், உண்மையாகவே ஓட்டினேன். திருப்பத்தில் வண்டி நின்று ஒரு பக்கம் சரிந்தது. சரியத்தான் தொடங்கியது, அதற்குள் பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்து தாங்கிவிட்டார்கள். எங்கள் ஊர்களில் ஒரு வாகனம் தரையைத் தொடுவதற்கு முன் நாலு பேருடைய கைகள் வந்துவிடும். யார், எவர் என்று கேட்க மாட்டார்கள். அவர்களில் ஒருவரே கிக்கரை மிதித்தும் தந்தார். நான் மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எனக்கு இந்த பைக் சரி என்று அறிவித்தேன்.

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த வண்டியை நான் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்திருக்கவில்லை. ஒரு தடவைகூட அதன் முழுப் பாரத்தையும் தாங்கியிருக்கவில்லை. ஆனால் எனக்கு அது தெரியவே இல்லை.

உரிமையாளர் மச்சானின் முகத்துக்காக வண்டியை இரண்டு நாளைக்குப் பழகிப் பார்க்கத் தந்தார். நான் வட்டைக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். பின்னாலேயே வருவதாக மச்சான் சொன்னார். வேண்டாம் என்றேன். வருவேன் என்றார். அவர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்த நேரம் பார்த்து வண்டியை வெளியே தள்ளினேன். வேலையாட்களுக்குக் கொடுக்கச் சொல்லி உம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போட்டு ஹேண்டிலில் கொழுவிவிட்டார். தெருவில் நின்று கிக்கரை மிதித்தேன், மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். அந்த வழியால் வந்த மீன் வியாபாரி சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, "தள்ளுங்க தம்பி" என்று சொல்லி ஒரே மிதியில் எழுப்பித் தந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஜஸாக்கல்லாஹ் என்று நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

தார் வீதியில் ராஜாவைப் போலப் போனேன். இறக்காமம் கடந்து கிரவல் மண் பாதையில் இறங்கியபோது எழுந்து நின்றுகூட ஓட்டினேன். கோடைச் சிறுபோக நெல் கதிர் தள்ளி நின்ற காலம். பாதை பெரும்பாலும் காய்ந்திருந்தது. வாய்க்கால் கட்டில் ஏறி வளைகிற இடத்தில் மட்டும் நீர் கசிந்து களியாகக் கிடந்தது. வேகத்தைக் குறைத்தேன். குறைத்தது அதிகமாகிவிட்டது. வண்டி நின்றது. காலை ஊன்றினேன், நிலம் நான் நினைத்ததைவிடக் கீழே இருந்தது. பைக் மிகமிக மெதுவாக, எனக்கு ஒவ்வொரு கணமும் தெரியும்படி, களியில் படுத்துக்கொண்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து, ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. யூடியூப் முறை ஞாபகத்துக்கு வந்தது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கால் பலத்தால் பின்பக்கமாகத் தள்ளி எழ வேண்டும். செய்தேன். வண்டி அங்கேயே இருந்தது, என் கால்கள் களியில் வழுக்கிக்கொண்டு முன்னால் போயின, நான் உட்கார்ந்தேன். மறுபடியும். மறுபடியும். பெற்றோல் மணந்தது. நான் ஆத்திரத்தில் பைக்கை ஏசினேன், வீடியோ போட்டவனை ஏசினேன், பிறகு தலையை நிமிர்த்தி யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து நான் பழகிய அந்த நாலு பேர் எங்குமே இல்லை.

மச்சானுக்கு அழைக்கலாம். அழைக்கக் கூடாது என்றுதானே தனியாக வந்தேன்.

அப்போது தூரத்தில், யானை விரட்டும் ஆனை வெடி ஒன்றின் சத்தம். அதைத் தொடர்ந்து ஆட்கள் கூவும் சத்தம். திரும்பினேன். பற்றைக்காட்டு ஓரத்தில் தனி யானை ஒன்று வெளியே வந்து, ஏதோ தன் வீட்டு முற்றத்தில் இறங்குவது போல, நான் நின்ற அதே வாய்க்கால் கட்டில் ஏறியது. பின்னேர அஸர் தொழுகை நேரம். நல்ல வெளிச்சம். அதன் காது ஆடுவதுகூடத் தெரிந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் நான் குனிந்து இன்னொரு தடவை பைக்கைத் தூக்கப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய வண்டி, மச்சான் சொல் கொடுத்து வாங்கித் தந்தது, அதை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று மூளை பிடிவாதம் பிடித்தது. வயல் நடுவில் இருந்த காவல் பரணிலிருந்து ஒரு பெண் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"தம்பி, அத உட்டுட்டு ஓடி வாங்க. அது இரும்பு, நீங்க சதை."

ஓடினேன். வரம்பில் செருப்பு போனது. பரணில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். சொறிக்கல்முனையிலிருந்து வந்து குத்தகைக்கு வெள்ளாமை செய்கிறவர்கள். அந்த அண்ணன் என் கையைப் பிடித்து மேலே இழுத்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

யானை பைக்கின் அருகில் வந்து நின்றது. தும்பிக்கையை சீட்டில் வைத்தது. சைலன்சரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தது. சூடாக இருந்திருக்க வேண்டும். இப்போது மிதிக்கும், இப்போது மிதிக்கும் என்று காத்திருந்தேன். அது ஹேண்டிலில் இருந்த பையை மட்டும் உருவி எடுத்து, பையோடு பழத்தை வாய்க்குள் போட்டது. பிறகு பைக்கின் பக்கக் கண்ணாடிமேல் ஒரு கால் வைத்துத் தாண்டியது. கண்ணாடி நொறுங்கியது பரண் வரை கேட்டது. அண்ணன் ஒரு வெடியைக் கொளுத்தி எறிய, யானை அவசரமே இல்லாமல் மறுபக்கப் பற்றைக்குள் இறங்கிப் போனது.

"ஆனைக்கும் அது புடிக்கல்ல போல, தம்பி" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா போத்தலில் இருந்த பிளேன்டீயை ஊற்றித் தந்தார். பிறகு மூவருமாகப் போய் வண்டியைத் தூக்கினோம். மூவரும் சேர்ந்தபோது அது ஒரு வேலையே இல்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. அண்ணனும் மிதித்துப் பார்த்துவிட்டு, தனக்கு உழவு மெசின்தான் பழக்கம் என்று சொல்லி இறங்கிவிட்டார். வேறு வழியின்றி மச்சானுக்கு அழைத்தேன்.

மச்சான் ராத்தாவின் ஸ்கூட்டியில் பறந்து வந்தார். நடந்ததைக் கேட்டதும் என் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தார். பிறகு, நான் பயந்தது போலவே, ஒரே மிதியில் பைக்கை எழுப்பினார். திரும்பி வரும்போது அவர் பைக்கில். நான் பின்னால் ஸ்கூட்டியில், வெறுங்காலோடு.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வண்டி நல்ல வண்டி, ஆனை மிதித்தும் ஒன்றும் ஆகவில்லை, நாளைக்கே பேசி முடிப்போம் என்றார். "வண்டி நிண்டா ஒரு ஃபோன் கோல் எடு. நான் இரிக்கன்தானே, வந்து கிக்கர அடிச்சித் தாறன்."

எனக்குள் இவ்வளவு நாளும் கிடந்தது அப்போதுதான் வெளியில் வந்தது. நான் சத்தம் போடவில்லை.

"மச்சான், நீங்க வராத இடத்துக்குப் போகத்தான் எனக்கு பைக் வேணும்."

அவர் முகம் சுருங்கியது. தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். என் மனதுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து சாரத்தோடு ஓடிவந்த மனிதர் அவர். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. கிளாஸை வைத்துவிட்டு, "அப்ப இது ஒனக்குச் சரிவராது" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவரே என்னோடு வந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். புதுக் கண்ணாடி நான் போட்டேன். உரிமையாளர் யானைக் கதையை நம்பவில்லை.

இப்போது சிறிய வண்டியாகத் தேடுகிறேன். கால் இரண்டும் ஊன்ற வேண்டும், செல்ஃப் ஸ்டார்ட் வேண்டும். விற்பவர்களிடம் தொலைபேசியில் நான் வைக்கும் நிபந்தனை இன்னொன்று: வண்டியைத் தரையில் படுக்க வைத்து, யாரும் தொடாமல், நான் தனியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் சிரித்தார். ஒருவர், வாங்க வந்தவன் செய்யும் வேலையா இது என்று ஏசிவிட்டு வைத்துவிட்டார். நற்பிட்டிமுனையில் ஒருவர் மட்டும் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "பாயொண்டு விரிச்சித் தாறன், அதுல படுக்க வைங்க" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போகிறேன். மச்சானும் வருகிறார், வராமல் இருக்கச் சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. வாசலுக்கு வெளியே நிற்பதாகவும், என்ன சத்தம் கேட்டாலும் உள்ளே வருவதில்லை என்றும் ராத்தா முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். வண்டி எழும்பாவிட்டால் அடுத்த வண்டியைப் பார்ப்பேன், அதுவும் எழும்பாவிட்டால் அதற்கடுத்தது. மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாரும் இல்லாத அந்தக் களியில் நின்று சுற்றும்முற்றும் பார்த்த கொஞ்ச நேரத்தில் எனக்கு விளங்கிய ஒன்றை, தனியாக எனக்கு எது ஏலும் எது ஏலாது என்பதை, அதற்கு முன் நல்ல மனிதர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, அன்பினாலேயே, என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்கள்.